சேர்வர் விழுந்தால் எங்கிருந்து பார்ப்பது? திருகோணமலையில் புதிதாகப் பொறுப்பேற்போருக்கு

திருகோணமலையில் சேர்வர் பார்க்கிற வேலை பெரும்பாலும் ஒருவர் தலையில்தான் விழுகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டலின் முன்பதிவுத் தளம், நகரக் கடையொன்றின் பில் போடும் கொம்பியூட்டர், ரியூசன் நிலையத்தின் பெறுபேற்றுப் பக்கம், எதுவானாலும் "அது வேலை செய்யுதில்லை" என்ற அழைப்பு ஒரே ஆளுக்குத்தான் வரும். கொழும்பிலிருந்து ஒருவர் வருவதென்றால் 250 கிலோமீற்றருக்கு மேல். அவர் வந்து சேரும்வரை கடையைப் பூட்டி வைக்க முடியாது. பிழையை ஒழுங்காகத் தேடும் முறை தெரிந்தால், பெரும்பாலானவற்றை இங்கேயே, அரை மணித்தியாலத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு வேண்டிய மென்பொருள் எல்லாம் திறந்த மூலத்தில் இருக்கிறது. உரிமக் கட்டணம் இல்லை என்பது ஒரு வசதி. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அது எப்படி இயங்குகிறது என்பதை உள்ளே போய்ப் பார்த்துப் படிக்கலாம் என்பதே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கை மென்பொருளாளர்கள் எழுதத் தொடங்கிய சகானா என்ற பேரிடர் நிவாரண மென்பொருள் பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது, மூலநிரல் திறந்து கிடந்ததனால்தான்.

உங்களிடம் உபுண்டு அல்லது டெபியன் சேர்வர் ஒன்று இருக்கிறது, எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கொமாண்டுகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். 'ஹைஃபன்' என்ற இடத்தில் - என்ற குறியைப் போடுங்கள்.

ரீஸ்டார்ட்டுக்கு முன் ஐந்து நிமிடம்

சேர்வர் மெதுவானதும் கை தானாக ரீஸ்டார்ட்டுக்குப் போகும். போக விடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் பிரச்சினை ஒருவேளை மறையும். அதோடு சாட்சியும் மறையும். எந்தப் புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்) மெமரியைத் தின்றது, எது டிஸ்க்குக்காகக் காத்து நின்றது, எத்தனை இணைப்புகள் திறந்திருந்தன என்பதெல்லாம் அந்த நேரத்து நிலை. போனால் திரும்பி வராது. அடுத்த கிழமை அதே பிரச்சினை அதே நேரத்தில் வந்து நிற்கும்போது, உங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

உள்ளே போக முடிகிறதென்றால், எதையும் தொடுவதற்கு முன் நான்கு கொமாண்டின் விடையை ஒரு பைலில் சேமியுங்கள்: 'அப்டைம்', 'ஃப்ரீ ஹைஃபன் எச்', 'டிஎஃப் ஹைஃபன் எச்', 'பிஎஸ் ஆக்ஸ்'. கூடவே நேரம், யார் முறைப்பாடு செய்தார், அவர் சொன்ன வார்த்தை என்ன என்பதையும் எழுதிவையுங்கள். "பக்கமே வருதில்லை" என்பதும் "பக்கம் வருது, பதிவு போகுதில்லை" என்பதும் இரண்டு வேறு நோய்கள்.

முதற்படி: பிழை எங்கே இருக்கிறது?

சேர்வருக்குள் நுழைவதற்கு முன் வெளியிலிருந்து பாருங்கள். உங்கள் போனின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறந்து பாருங்கள். அப்போது வருகிறதென்றால் சேர்வர் நன்றாக இருக்கிறது, உங்கள் கட்டடத்து இணைப்பில்தான் கோளாறு. இந்த ஒரு சோதனை பல இரவுகளை மிச்சப்படுத்தும்.

இரண்டு வழியிலும் வரவில்லையா? 'டிக்' கொமாண்டோடு தளத்தின் பெயரைக் கொடுங்கள். ஐபி முகவரி வராவிட்டால், அல்லது பழைய முகவரி வந்தால், தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் பிழை. டொமைன் காலாவதியாகியிருக்கவும் கூடும். முகவரி சரியென்றால் 'கர்ள் ஹைஃபன் வி' கொடுத்துப் பாருங்கள். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால் இயந்திரம் உயிரோடு இருக்கிறது, வெப் சேர்வர் மென்பொருள் மட்டும் நின்றிருக்கிறது. விடையே இல்லாமல் தொங்கினால் ஃபயர்வோல், நெட்வேர்க் அல்லது இயந்திரமே நின்றிருப்பது. 502 என்ற பிழை வந்தால் வாசலில் நிற்கும் வெப் சேர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் இருக்கிறது, அதன் பின்னால் உள்ள செயலி இல்லை.

பாதையில் எங்கே அடைபடுகிறது என்று பார்க்க 'எம்டிஆர்' நல்ல கருவி. அதில் புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நடுவிலுள்ள ஒரு ரவுட்டரில் மட்டும் 60 சதவீத இழப்பு காட்டும், அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் சுழியம் காட்டும். அது இழப்பே அல்ல. அந்த ரவுட்டர் இப்படிப்பட்ட சோதனைக்குக் குறைவாகவே பதில் சொல்லும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இழப்பு ஓரிடத்தில் தொடங்கிக் கடைசி வரி வரை தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். இதைத் தெரியாமல் இன்டர்நெட் நிறுவனத்தோடு சண்டைக்குப் போனால் சண்டையும் தோற்கும், நேரமும் போகும்.

பிரவுசர் "பாதுகாப்பற்றது" என்று கத்தினால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வழக்கமாக 90 நாளில் முடியும். தானாகப் புதுப்பிக்கும் வேலை எங்கோ முறிந்தால், ஒரு காலை எல்லாம் சிவப்பாகும். முன்பு காலாவதிக்கு முன்னால் மின்னஞ்சலில் எச்சரித்தார்கள். 2025 ஜூனோடு அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். இனி நாள் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

இரண்டாம் படி: உள்ளே மூன்று இடம்

'அப்டைம்' கடைசியில் மூன்று எண் காட்டும். கடந்த 1, 5, 15 நிமிடங்களின் லோட் அது, அதாவது ஓடிக்கொண்டோ காத்துக்கொண்டோ இருக்கும் புரோசஸ்களின் சராசரி. முதல் எண் மூன்றாவதைவிடப் பெரிதானால் நெருக்கடி ஏறிக்கொண்டிருக்கிறது, சிறிதானால் இறங்குகிறது. இந்த எண்ணைத் தனியே பார்த்துப் பயப்பட வேண்டாம். 'என்ப்ரொக்' கொடுத்தால் எத்தனை கோர் என்று வரும். நான்கு கோர் உள்ள இயந்திரத்தில் லோட் 4 என்றால் கை நிறைய வேலை, 20 என்றால் திணறல். லினக்ஸின் லோட் கணக்கில் சிபியு கேட்டு நிற்பவை மட்டுமல்ல, டிஸ்க்கின் பதிலுக்காக அசையாமல் நிற்பவையும் சேரும். ஆகவே லோட் 20, ஆனால் 'டொப்' காட்டும் சிபியு பயன்பாடு குறைவு என்றால் டிஸ்க்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். 'பிஎஸ்' பட்டியலில் ஸ்டாட் (நிலை) என்ற நிரலில் டி என்று நிற்பவை அவைதான். டொப்பின் மேற்பகுதியில் டபிள்யூஏ என்ற எண் உயர்ந்திருப்பதும் அதே செய்தி.

மெமரியில் ஒரே ஒரு குழப்பம். 'ஃப்ரீ' என்ற நிரலில் சிறிய எண்ணைக் கண்டு புதியவர்கள் பதறுவார்கள். லினக்ஸ் சும்மா கிடக்கும் மெமரியை டிஸ்க் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், கேட்டால் உடனே திருப்பித் தரும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' நிரல். அது சுழியத்தை நெருங்கி, 'விஎம்ஸ்டாட் 1' காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ நிரல்களும் (மெமரிக்கும் டிஸ்க்குக்கும் இடையே தரவு மாறும் அளவு) ஓயாமல் ஓடினால் மெமரி உண்மையிலேயே போதவில்லை.

டிஸ்க் நிறைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிறு நிறுவனங்களில் நான் அதிகம் காணும் நோய் இதுதான், இதன் அறிகுறிகளோ டிஸ்க்கைச் சுட்டுவதே இல்லை. டேட்டாபேஸ் நிற்கும், லொகின் ஏற்காது, படம் ஏற்ற முடியாது, மின்னஞ்சல் போகாது. எல்லாரும் டேட்டாபேஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். 'டிஎஃப் ஹைஃபன் எச்' 100 சதவீதம் காட்டும்.

எது நிறைத்தது என்று தேட 'என்சிடியு' என்ற சிறு கருவியை நிறுவுங்கள். அம்புக்குறியால் ஒவ்வொரு கோப்புறையாக இறங்கிப் போகலாம். பெரும்பாலும் வார் என்ற கோப்புறைக்குள் லொக் (சேவைகள் எழுதும் பதிவுப் பைல்), பழைய டொக்கர் இமேஜ், யாரோ எப்போதோ எடுத்து மறந்த பேக்அப். டிஸ்க் முழுதாக நிறையும்வரை காத்திருந்தால் என்சிடியுவை நிறுவவும் இடமிருக்காது. இன்றே போட்டுவையுங்கள்.

பெரிய லொக் பைல் ஒன்றை அழித்தும் இடம் திரும்பி வரவில்லையென்றால், அதை ஏதோ ஒரு புரோசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. 'எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1' (எல் பெரிய எழுத்து) அப்படிப்பட்ட பைல்களைக் காட்டும். அந்தச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும்.

இன்னொன்று. 'டிஎஃப் ஹைஃபன் எச்' பாதி காலி என்கிறது, எழுதினால் "இடமில்லை" என்கிறது. அப்போது 'டிஎஃப் ஹைஃபன் ஐ' கொடுங்கள். பைல்களின் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. ஐநோட் என்பார்கள். பழைய பிஎச்பி தளங்களில் சுத்தம் செய்யப்படாத செஷன் பைல்கள் இலட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோட்டை முடித்துவிடும்.

மூன்றாம் படி: லொக்கைக் கேளுங்கள்

'சிஸ்டம்சிடிஎல் இரட்டை ஹைஃபன் ஃபெயில்ட்' என்று கொடுத்தால் விழுந்து கிடக்கும் சேவைகள் மட்டும் வரும். பிறகு 'ஜேர்னல்சிடிஎல் ஹைஃபன் யூ' என்று சேவையின் பெயரைக் கொடுத்து அதன் லொக்கைப் படியுங்கள். கடைசி வரியை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கடைசி வரி விளைவு. காரணம் பத்து இருபது வரி மேலே, முதன்முதல் பிழை தோன்றிய இடத்தில் இருக்கும். அந்த வரியை அப்படியே எடுத்துத் தேடினால், உலகத்தில் யாருக்காவது அது முன்பு வந்திருக்கும்.

டேட்டாபேஸ் தானாக நின்றுவிட்டது, அதன் சொந்த லொக்கிலும் காரணம் இல்லை என்றால் லினக்ஸின் மையமான கேர்னலின் லொக்கைப் பாருங்கள். 'ஜேர்னல்சிடிஎல் ஹைஃபன் கே'. அங்கே "அவுட் ஒஃப் மெமரி" என்ற வரி இருந்தால், மெமரி முடிந்தபோது கேர்னல் இயந்திரத்தைக் காப்பாற்ற ஒரு புரோசஸைக் கொன்றிருக்கிறது. கொல்லப்படுவது வழக்கமாக அதிக மெமரி வைத்திருப்பது, அதாவது டேட்டாபேஸ். குற்றவாளி வேறொன்றாகவும் இருக்கலாம்.

நேரத்தில் கவனம் தேவை. வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த சேர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும். நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். லொக்கில் 03:10 என்றிருந்தால் இங்கே காலை 8:40, கடை திறந்து முதல் பில் போட்ட நேரம். நள்ளிரவு வேலை என்று தப்பாக நினைத்தால் தேடல் வேறு திசைக்குப் போய்விடும். சேர்வர் எந்த நேர வலயத்தில் இருக்கிறது என்பதை 'டைம்டேட்சிடிஎல்' காட்டும். கடையில் உள்ள பழைய இயந்திரத்தில், கரண்ட் போய் வந்த பிறகு கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டின் சிறு பட்டரி முடிந்திருக்கிறது. நேரம் பிழையானால் சான்றிதழ் எல்லாம் செல்லாதவையாகத் தெரியும்.

பல தடவை ரீஸ்டார்ட் ஆன பிறகும் 'ஜேர்னல்சிடிஎல் இரட்டை ஹைஃபன் லிஸ்ட் ஹைஃபன் பூட்ஸ்' ஒரே ஒரு வரி மட்டும் காட்டுகிறதா? உங்கள் இயந்திரம் ரீஸ்டார்ட்டுக்கு முந்திய லொக்கை வைத்திருப்பதில்லை. ஜேர்னல்டியின் அமைப்புப் பைலில் சேமிப்பு முறையை 'பெர்சிஸ்டன்ட்' என்று மாற்றுங்கள். இரவில் தானாக விழுந்து எழும்பும் சேர்வரின் கதையைக் காலையில் படிக்க இது உதவும்.

கடலோர ஊரின் கணக்கு

வாடகைச் சேர்வர் வைத்திருப்போர் இப்பகுதியைத் தாண்டிப் போகலாம். கட்டடத்துக்குள் இயந்திரம் வைத்திருப்போர் கட்டாயம் படிக்க வேண்டும்.

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரத்தில் உப்புக்காற்று எதையும் விடாது. ஜன்னலோரம் வைத்த இயந்திரத்தில் மெமரித் தகட்டின் தொடுமுனையும் நெட்வேர்க் கேபிளின் முனையும் அரிக்கும். கேபிளைக் கழற்றிப் பூட்டினால் சரியாகும், சில நாளில் திரும்பவும் விட்டுவிட்டு வரும். சேர்வரைக் கடற்பக்கச் சுவரிலிருந்து தள்ளி, நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் வெக்கை உச்சம். உப்புவெளி, நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகள் நிறைவதும் ஏறக்குறைய அதே காலம். அதாவது இயந்திரம் அதிகம் சூடாகும் காலமும் அதிகம் உழைக்கும் காலமும் ஒன்று. பங்குனி முடிவதற்குள் விசிறியைத் துடைத்து, 'சென்சர்ஸ்' கொமாண்டால் வெப்பநிலையைக் குறித்துவையுங்கள். 'ஸ்மார்ட்சிடிஎல் ஹைஃபன் ஏ' கொடுத்து டிஸ்க்கின் உடல்நிலையையும் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் 5, 197, 198 ஆகிய எண்ணுள்ள வரிகள். வலக்கோடியில் சுழியம் இருந்தால் நல்லது. சுழியமில்லாமல் மாதா மாதம் ஏறினால் அன்றே புது டிஸ்க் வாங்குங்கள்.

மாரி வந்தால் கவலை மின்சாரத்துக்கு மாறும். 2020 டிசம்பர் 2 இரவு புரேவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. 2022 மின்நெருக்கடியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத நாள் இருந்தது. 2025 பெப்ரவரி 9 நாடு முழுவதும் இருண்டது. யூபிஎஸ் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. அதன் பட்டரி முடியும் தறுவாயில் சேர்வர் தன்னைத்தானே ஒழுங்காக மூடிக்கொள்ள வேண்டும். நெட்வேர்க் யூபிஎஸ் டூல்ஸ், சுருக்கமாக நட், இதைச் செய்யும் திறந்த மூலக் கருவி. யூபிஎஸ்ஸை யூஎஸ்பி கேபிளால் இணைத்து நட்டை அமைத்தால், பட்டரி எவ்வளவு மீதி என்பதை 'யூபிஎஸ்சி' காட்டும், எல்லைக்கு வந்ததும் சேர்வர் அமைதியாக மூடும். டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் அறுவது போன்ற கொடுமை வேறில்லை. யூஎஸ்பி முனை இல்லாத யூபிஎஸ் சில ஆயிரம் ரூபாய் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள்.

கண்காணிப்பு: எதை எங்கே வைப்பது

இதுவரை சொன்னது விழுந்த பின் பார்ப்பது. வாடிக்கையாளர் அழைப்பதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் கண்காணிப்பு வேண்டும். இங்கே ஆசை மிகுந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுவுவோர் இரண்டாம் மாதம் எதையும் பார்ப்பதில்லை. ஒன்றிரண்டு சேர்வர் மட்டுமென்றால் என் தெரிவு இதுதான்: வெளியே அப்டைம் கூமா, உள்ளே நெட்டேட்டா.

அப்டைம் கூமா நீங்கள் சொல்லும் இடைவெளியில் தளத்தைத் திறந்து பார்த்து, வராவிட்டால் டெலிகிராமிலோ மின்னஞ்சலிலோ சொல்லும். சான்றிதழ் முடியும் நாளையும் சொல்லும். வெறுமனே "பக்கம் திறக்கிறதா" என்று பார்க்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் எப்போதும் இருக்க வேண்டிய ஒரு சொல்லைக் கொடுத்து அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டேட்டாபேஸ் விழுந்து கிடக்கும்போதும் வெற்றுப் பக்கம் "எல்லாம் சரி" என்று பொருள்படும் 200 என்ற குறியோடு வந்து சேரலாம்.

அதை எங்கே நிறுவுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கண்காணிக்கப்படும் சேர்வரிலேயே நிறுவினால் இரண்டும் சேர்ந்து சாகும். அதே கட்டடத்தில் வைத்தாலும் கரண்ட் போனால் அதே கதி. மலிவான வெளிநாட்டு வாடகைச் சேர்வர் ஒன்று, அல்லது வேறு ஊரிலுள்ள நண்பர் வீட்டில் ஒரு ராஸ்பெரி பை. கடைக்குள் இருக்கும் சேர்வருக்கு வெளியிலிருந்து எட்டும் ஐபி இல்லாவிட்டால் 'புஷ்' முறையைப் பயன்படுத்துங்கள். கடைச் சேர்வர் நிமிடத்துக்கொரு தடவை "இருக்கிறேன்" என்று தானே அழைக்கும். அழைப்பு நின்றால் கூமா மணியடிக்கும். இரவு பேக்அப் முடிந்ததா என்பதற்கும் இதே முறைதான் சிறந்தது: பேக்அப் ஸ்கிரிப்டின் கடைசி வரியில், எல்லாம் சரியாக முடிந்தால் மட்டும் அந்த அழைப்பு போகட்டும்.

நெட்டேட்டா நிறுவியவுடன் விநாடிக்கு விநாடி சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வேர்க் எல்லாவற்றையும் படமாகக் காட்டும், 19999 ஆம் போர்ட்டில். புதியவருக்கு இதைப் போல நல்ல ஆசிரியர் கிடையாது. ஒரு பெரிய பைலைக் கொப்பி செய்துகொண்டே அதைப் பார்த்தால் டிஸ்க் காத்திருப்பு என்றால் என்னவென்று கண்ணாலேயே விளங்கும்.

சேர்வர்கள் ஐந்தைத் தாண்டினால் புரோமிதியஸுக்குப் போகலாம். 2012 இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் தொடங்கியது. ஒவ்வொரு சேர்வரிலும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு மென்பொருள் 9100 ஆம் போர்ட்டில் எண்களை வைத்திருக்கும். புரோமிதியஸ் தவணை முறையில் போய் எடுத்துவரும். கிராஃபானா அவற்றை வரைபடமாக்கும். டாஷ்போர்டைக் கையால் கட்ட வேண்டாம். கிராஃபானாவில் 1860 என்ற எண்ணைக் கொடுத்து இறக்கினால் முழுமையான ஒன்று வந்துவிடும். வேறு அமைப்பு எதுவும் செய்யாவிட்டால் புரோமிதியஸ் 15 நாள் தரவு மட்டுமே வைத்திருக்கும். சீசனையும் சீசனில்லாத காலத்தையும் ஒப்பிட விரும்பினால் அதைக் கூட்டுங்கள். ரவுட்டர், சுவிட்ச், பிரிண்டர் என்று பலதையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டிய அலுவலகமென்றால் சபிக்ஸ் பொருத்தம்.

இந்தப் போர்ட்டுகள் எதையும் இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். உங்கள் சேர்வரின் உள்விவரம் முழுவதும் அதில் இருக்கிறது. வயர்கார்ட் என்ற விபிஎன் அல்லது எஸ்எஸ்எச் டனல் வழியாக மட்டும் பாருங்கள்.

எச்சரிக்கையைக் குறைத்து வையுங்கள்

சிபியு 80 சதவீதம் தாண்டினால் மணியடி என்று வைத்தால், பேக்அப் ஓடும் ஒவ்வோர் இரவும் போன் அலறும். ஒரு மாதத்தில் சத்தத்தை நிறுத்திவிடுவீர்கள். உண்மையான எச்சரிக்கையும் அதோடு போகும். நித்திரையைக் கலைக்கக்கூடியவை சிலவே: தளம் வெளியிலிருந்து 5 நிமிடமாகத் திறக்கவில்லை, யூபிஎஸ் பட்டரிக்கு மாறிவிட்டது, டிஸ்க் இன்னும் சில மணித்தியாலத்தில் நிறையப் போகிறது. சான்றிதழுக்கு 14 நாள் இருப்பது, பேக்அப் தவறியது போன்றவை காலையில் மின்னஞ்சலில் வந்தால் போதும்.

டிஸ்க்குக்கு 90 சதவீதம் என்ற எல்லையைவிட வேகத்தைப் பார்ப்பது நல்லது. மாதக்கணக்காக 91 இல் அசையாமல் நிற்கும் டிஸ்க்கால் ஆபத்தில்லை. 40 இலிருந்து ஒரு மணித்தியாலத்தில் 60 ஆனது ஆபத்து. புரோமிதியஸின் 'பிரிடிக்ட் லீனியர்' கடந்த சில மணித்தியாலப் போக்கை வைத்து, இன்னும் சில மணித்தியாலத்தில் காலி இடம் சுழியமாகுமா என்று கணக்கிட உதவும். 10 நிமிடம் அந்நிலை நீடித்தால் மட்டும் அறிவிக்கும்படி நிபந்தனையும் சேர்க்கலாம்.

எல்லாம் அமைத்து முடிந்ததும் சோதியுங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்து, முதலாளிக்குச் சொல்லிவிட்டு, என்ஜின்எக்ஸை நீங்களே நிறுத்துங்கள். போன் எத்தனை நிமிடத்தில் அடிக்கிறது? 'ஃபொலொகேட்' கொமாண்டால் ஒரு பெரிய வெற்றுப் பைலை உருவாக்கி டிஸ்க்கை 95 சதவீதம் வரை நிரப்பிப் பாருங்கள், பிறகு அழியுங்கள். யூபிஎஸ்ஸின் சுவர்ப் பிளக்கைக் கழற்றிவிட்டு நட் சேர்வரை ஒழுங்காக மூடுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நேற்றைய பேக்அப்பை வேறொரு இயந்திரத்தில் விரித்து, கடைசி பில் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இந்நான்கில் எது தவறினாலும் அதை முதலில் திருத்துங்கள். புது டாஷ்போர்ட் பிறகு பார்க்கலாம். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் இதை இன்னொரு தடவை செய்யுங்கள்.